நியாயத்தீர்ப்பையும் பாவநிவிர்த்தியையும் சங்கீதங்களில் சேர்த்து வாசிப்பது எப்படி?

சங்கீத புத்தகத்தைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிற ஒருவருடைய வேதாகமத்தைத் திறந்தால், "மேற்குக்கும் கிழக்குக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரமாய் அவர் நம்முடைய பாவங்களை நம்மைவிட்டு விலக்கினார்" என்ற 103-ஆம் சங்கீதத்தின் வசனம் அடிக்கோடிடப்பட்டிருப்பதைக் காணலாம். "தேவன் நீதியுள்ள நியாயாதிபதி, அவர் நாள்தோறும் பாவியின்மேல் சினங்கொள்ளுகிற தேவன்" என்ற 7-ஆம் சங்கீதத்தின் வசனத்துக்கு அந்த இடம் கிடைப்பது அரிது. ஒன்று ஆறுதல் தருகிறது, மற்றது அச்சுறுத்துகிறது என்று நாமாகவே பிரித்துக்கொண்டு, முதல் வகையிலே தங்கி, இரண்டாம் வகையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். வேறு சிலர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார்கள். மனச்சாட்சியின் பாரம் அழுத்துவதால், கோபத்தைச் சொல்லும் வசனங்களே தங்களுக்கென்று எழுதப்பட்டவை என்று எண்ணி, மன்னிப்பைச் சொல்லும் வசனங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த இரு சாராரும் கண்டுகொள்ளவேண்டியது ஒன்றே: சங்கீதங்களில் நியாயந்தீர்க்கிறவரும் பாவத்தை நிவிர்த்தியாக்குகிறவரும், அதாவது நீக்கிப்போடுகிறவரும், ஒரே தேவன். அவர் நீதியைக் கைவிட்டுவிட்டு இரக்கத்தைக் கையில் எடுக்கிறதில்லை. இதை ஒரு கோட்பாடாக மனப்பாடம் செய்வது எளிது. ஜெபத்தில் அறிந்துகொள்வதற்குத்தான் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு உதவும் ஒரு வாசிப்பு முறையை இங்கே விளக்குகிறேன். தனி ஜெபத்துக்கும் சிறு வேதபாடக் குழுவுக்கும் இது பொருந்தும். ஒரு வேதாகமமும், ஒரு குறிப்பேடும், இடையூறில்லாத அரைமணி நேரமும் போதும்.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

சங்கீதங்கள் 150-இல் பெரும்பாலானவை தேவனை நோக்கிப் பேசப்பட்ட வார்த்தைகள். ஆகையால் அவற்றை வாசிக்கும்போது "இந்த வசனம் என்ன போதிக்கிறது?" என்று கேட்பதற்கு முன், "இதைப் பேசுகிறவர் எங்கே நின்று பேசுகிறார்?" என்று கேட்கவேண்டும். ஒரு வழக்குமன்றத்தை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அநியாயத்துக்கு உள்ளாகி நியாயம் கேட்டு வந்தவர் ஒருவர் இருப்பார், குற்றஞ்சாட்டப்பட்டு நிற்பவர் ஒருவர் இருப்பார், பார்த்துக்கொண்டிருக்கிற மக்கள் இருப்பார்கள், நியாயாதிபதியும் இருப்பார். ஒவ்வொரு சங்கீதத்தின் குரலும் இந்த இடங்களில் ஏதோ ஒன்றிலிருந்து வருகிறது. சில சங்கீதங்களில் பாதி வழியிலே இடம் மாறிவிடும். குறிப்பேட்டில் சங்கீதத்தின் எண்ணை எழுதி, பேசுகிறவர் நிற்கும் இடத்தை எழுதி, மாறினால் எந்த வசனத்தில் மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிறு வேலை எவ்வளவு உதவுகிறது என்பதை இரண்டு வசனங்களைக் கொண்டு பார்க்கலாம். 7-ஆம் சங்கீதத்தில் தாவீது, தன் நீதியின்படியும் தன்னிலுள்ள உண்மையின்படியும் தனக்கு நியாயஞ்செய்யும்படி கர்த்தரிடம் கேட்கிறார். 26-ஆம் சங்கீதமும் 43-ஆம் சங்கீதமும் அதே வேண்டுதலோடு தொடங்குகின்றன. ஆனால் 143-ஆம் சங்கீதத்தில், "ஜீவனுள்ள ஒருவனும் உமக்கு முன்பாக நீதிமான் அல்லாததினாலே, அடியேனை நியாயந்தீர்க்கப் பிரவேசியாதேயும்" என்று அதே தாவீதின் பெயரில் வேறொரு வேண்டுதல் எழுகிறது. ஒருபுறம் நியாயந்தீர்க்க வாரும் என்கிறார். மறுபுறம் வரவேண்டாம் என்கிறார். இது முரண்பாடு என்று திகைக்கவேண்டியதில்லை. 7-ஆம் சங்கீதத்தின் தலைப்பு, பென்யமீனியனாகிய கூஷ் என்பவன் சொன்ன வார்த்தைகளினிமித்தம் பாடப்பட்டது என்கிறது. அதாவது, ஒரு குறிப்பிட்ட குற்றச்சாட்டு இருக்கிறது, அது பொய், அதிலிருந்து தன்னை விடுவிக்கவேண்டும் என்பதே அங்கே வழக்கு. அந்த வழக்கிலும்கூட, "நான் இதைச் செய்திருந்தால் பகைஞன் என் பிராணனைத் தரையிலே மிதிக்கட்டும்" என்று 3 முதல் 5 வரையுள்ள வசனங்களில் தன்னையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்த பிறகுதான் நியாயம் கேட்கிறார். 143-இல் வழக்கு ஒரு செயலைப் பற்றியதன்று. முழு வாழ்க்கையும் தேவனுக்கு முன்பாக வைக்கப்படுகிறது. அங்கே நிற்கத்தக்கவர் எவரும் இல்லை.

ஆகவே ஒரு விசுவாசி ஒரே நாளில், தான் செய்யாததைச் செய்ததாகப் பழிசுமத்தப்பட்டதற்காக 7-ஆம் சங்கீதத்தையும், தான் உண்மையில் செய்தவற்றுக்காக 143-ஆம் சங்கீதத்தையும் ஜெபிக்கலாம். பொய்ப்பழியின் நடுவே "நான் எப்படியும் பாவிதானே" என்று வாய்மூடி இருப்பது தாழ்மையைப் போலத் தோன்றினாலும், சங்கீதங்கள் அதைக் கேட்கவில்லை.

மகிழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள்

நியாயத்தீர்ப்பைத் தியானிக்கிறவர்கள் பெரும்பாலும் கோபத்தைச் சொல்லும் வசனங்களிலிருந்து தொடங்குகிறார்கள். 98-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்கும்படி நான் ஆலோசனை சொல்லுவேன். அங்கே ஆறுகள் கைகொட்டுகின்றன, பர்வதங்கள் கெம்பீரித்துப் பாடுகின்றன, சமுத்திரம் முழங்குகிறது. காரணம் கடைசி வசனத்தில் வருகிறது: கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார். 96-ஆம் சங்கீதமும் இதே காட்சியில்தான் முடிகிறது. நியாயத்தீர்ப்பு என்ற செய்தியைக் கேட்டுக் காடும் வயலும் களிகூருகிற இந்த மகிழ்ச்சி உங்களுக்கு அந்நியமாகத் தோன்றினால், வாசிப்பை அங்கேயே சற்று நிறுத்தி, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று உங்களையே கேளுங்கள்.

பதில் 10-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அங்கே துன்மார்க்கன் மறைவான இடங்களில் பதுங்கியிருந்து ஏழையைப் பிடிக்கிறான். பிடித்துவிட்டு, "தேவன் அதை மறந்தார்" என்று தன் இருதயத்தில் சொல்லிக்கொள்கிறான். அவனுடைய தைரியம் முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. 14-ஆம் வசனம் அதை உடைக்கிறது: தேவன் அதைப் பார்த்திருக்கிறார், உபத்திரவத்தையும் குரோதத்தையும் கவனித்திருக்கிறார். மனிதர் யாரும் கேட்காத முறையீட்டை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே ஒடுக்கப்பட்டவனுக்கு நற்செய்தி. 82-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போய், நியாயாதிபதிகளையே நியாயந்தீர்க்கிறது: முகதாட்சிணியம் பண்ணி அநியாயத்தீர்ப்புச் செய்கிறவர்களிடம், ஏழைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் நியாயஞ்செய்யும்படி கட்டளையிடுகிறது. கெட்ட நியாயாதிபதிகளால் துன்பப்பட்ட மக்கள், நல்ல நியாயாதிபதி வருகிறார் என்றால் பாடாமல் என்ன செய்வார்கள்?

10, 82, 94, 96, 98 ஆகிய ஐந்தையும் முதல் வாரத்தில் நிதானமாக வாசியுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்தபின், அன்று நீங்கள் கேள்விப்பட்ட ஓர் அநியாயத்தைப் பெயர் சொல்லி தேவனிடம் ஒப்புவியுங்கள். இந்த அடித்தளம் இல்லாமல் பாவநிவிர்த்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தீமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒருவர் அதைக் கண்டுங்காணாமல் விடுவதே மன்னிப்பு என்ற எண்ணம் வந்துவிடும். சங்கீதங்கள் அறிந்த மன்னிப்பு அத்தகையதன்று.

50-ஆம் சங்கீதமும் 51-ஆம் சங்கீதமும்

இந்த முறையின் நடுப்பகுதி இதுவே. மற்ற எதற்கு நேரம் குறைந்தாலும் இதற்குக் குறையவேண்டாம். 51-ஆம் சங்கீதத்தைத் தனியாக வாசிப்பதே நம் வழக்கம். அடுத்தமுறை 50-ஐ உரக்க வாசித்துவிட்டு, இடைவெளி விடாமல் 51-ஐத் தொடருங்கள். முன்னது ஆசாபின் பெயரிலும் பின்னது தாவீதின் பெயரிலும் இருக்கின்றன; எனினும் புத்தகத்தில் அவை அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதால், குற்றப்பத்திரிகையும் அதற்கான பதிலும் போல ஒன்றையொன்று நோக்கிப் பேசுகின்றன.

50-இல் தேவனே மன்றத்தைக் கூட்டுகிறார். வானத்தையும் பூமியையும் சாட்சிகளாக அழைக்கிறார். குற்றஞ்சாட்டப்படுகிறவர்கள் யார் என்று பார்க்கும்போதுதான் நெஞ்சு பதறுகிறது: அவர்கள் பலியினாலே அவரோடு உடன்படிக்கை பண்ணின அவருடைய சொந்த ஜனங்கள். முதல் வாரம் முழுவதும் நியாயம் கேட்பவரோடு நின்றுகொண்டிருந்த நாம், இங்கே கூண்டுக்குள் அழைக்கப்படுகிறோம். அவர்களுடைய பலிகளில் குறையில்லை. அவை எப்போதும் அவர் முன்பாக இருக்கின்றன என்று அவரே சொல்லுகிறார். "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்றும் சொல்லுகிறார். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. உடன்படிக்கையின் வார்த்தைகளை வாயில் வைத்துக்கொண்டே திருடனோடு ஒருமித்துப்போகிறார்கள், விபசாரரோடு பங்குகொள்கிறார்கள், தன் தாயின் மகனுக்கே அவதூறு உண்டாக்குகிறார்கள். தேவன் மவுனமாயிருந்ததால், அவரும் தங்களைப் போன்றவர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது இரண்டு சங்கீதங்களையும் வசனத்துக்கு வசனம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 50-இன் 21-ஆம் வசனம், "அவைகளை உன் கண்களுக்கு முன்பாக ஒவ்வொன்றாக நிறுத்துவேன்" என்று எச்சரிக்கிறது. 51-இன் 3-ஆம் வசனம், "என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது" என்று ஒப்புக்கொள்கிறது. 50-இன் 16-ஆம் வசனம், தேவனுடைய பிரமாணங்களை எடுத்துரைக்கத் துன்மார்க்கனுக்கு என்ன நியாயமுண்டு என்று கேட்கிறது. 51-இன் 13-ஆம் வசனத்தில், மன்னிக்கப்பட்டவன் பாதகருக்கு அவருடைய வழிகளை உபதேசிப்பதாகச் சொல்லுகிறான். பொல்லாப்புக்குத் திறக்கப்பட்ட வாய் அங்கே. தேவனே திறந்தால்தான் புகழை அறிவிக்கும் உதடுகள் இங்கே. 50-இல் சொல்லப்பட்ட தீர்ப்பை 51 எந்த இடத்திலும் மறுக்கவில்லை, குறைத்துப் பேசவும் இல்லை. "நீர் நியாயந்தீர்க்கும்போது உம்முடைய பரிசுத்தம் விளங்கவும்" என்று நியாயாதிபதியின் பக்கம் நின்றே பேசுகிறது. தன்மேல் வரும் தீர்ப்பை நியாயமென்று ஏற்றுக்கொண்டவனுடைய வாயிலிருந்துதான் மன்னிப்புக்கான விண்ணப்பம் வருகிறது.

51-இன் தலைப்பு, தாவீது பத்சேபாளிடத்தில் பிரவேசித்தபின் நாத்தான் தீர்க்கதரிசி அவரிடத்தில் வந்தபோது பாடப்பட்டது என்கிறது. 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை அன்றைய தினமே வாசித்துவிடுவது நல்லது. அதை வாசித்தால்தான் 16-ஆம் வசனம் விளங்கும்: "பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்." பலிமுறையே வேண்டாம் என்று தாவீது சொல்லுகிறார் என எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 19-ஆம் வசனத்தில் நீதியின் பலிகள் மறுபடியும் வருவதால் அந்த விளக்கம் நிற்பதில்லை. காரணம் இன்னும் கடினமானது என்றே நான் கருதுகிறேன். விபசாரத்துக்கு லேவியராகமம் 20:10 மரணதண்டனை விதிக்கிறது. கொலைபாதகனுடைய உயிருக்காக மீட்கும்பொருளை வாங்கக்கூடாது என்று எண்ணாகமம் 35:31 சொல்லுகிறது. துணிகரமாய்ச் செய்த பாவத்தைக் குறித்து எண்ணாகமம் 15:30, அவன் தன் ஜனத்தாரிலிருந்து அறுப்புண்டுபோகவேண்டும் என்கிறது. பத்சேபாளின் கணவனாகிய உரியாவைப் போர்முனையில் திட்டமிட்டுக் கொல்லுவித்த ராஜாவுக்கு, கொண்டுபோய்ச் செலுத்த ஒரு பலி நியாயப்பிரமாணத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. அவர் வெறுங்கையோடு நிற்கிறார். அந்த வெறுங்கையிலிருந்துதான் "தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான்" என்ற வசனம் பிறக்கிறது.

வெறுங்கையோடு நின்றும், பாவம் நீங்குவதற்கு இரத்தமும் சுத்திகரிப்பும் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. ஈசோப்பினால் தன்னைச் சுத்திகரிக்கும்படி கேட்கிறார். ஈசோப்பு என்பது ஒரு சிறு செடி; பஸ்காவின் இரத்தத்தை வாசல் நிலைக்கால்களில் பூச யாத்திராகமம் 12-இல் பயன்பட்டது. குஷ்டரோகியைச் சுத்திகரிக்க லேவியராகமம் 14-இல் பயன்பட்டது. ஆசாரியன் கையில் இருக்கவேண்டிய அந்த ஈசோப்பை, தேவன்தாமே எடுத்துத் தன்மேல் தெளிக்கவேண்டும் என்று தாவீது கேட்கிறார். வாசிப்பில் இந்த இடத்தில் நீண்ட நேரம் நில்லுங்கள். நியாயாதிபதியின் ஆசனத்திலிருந்தவரே ஆசாரியனுடைய வேலையைச் செய்ய அழைக்கப்படுகிறார்.

9-ஆம் வசனத்தையும் 11-ஆம் வசனத்தையும் சேர்த்துப் பாருங்கள். முன்னதில், தன் பாவங்களைப் பாராதபடிக்கு முகத்தை மறைத்துக்கொள்ளும் என்கிறார். பின்னதில், உமது சமுகத்தைவிட்டு என்னைத் தள்ளவேண்டாம் என்கிறார். பாவத்தைப் பாராமலும் பாவியை விடாமலும் இருக்கவேண்டும் என்பதே கேட்கப்படுகிறது. இந்த இரண்டையும் பிரிக்கிற வல்லமை தேவனுக்கு மாத்திரமே உண்டு என்பதும் அந்த விண்ணப்பத்துக்குள்ளேயே இருக்கிறது.

நிவிர்த்தி செய்கிறவர் யார்?

அடுத்ததாக 49, 65, 78, 79, 130 ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 78 நீளமானது, 32 முதல் 39 வரை வாசித்தால் இந்த நோக்கத்துக்குப் போதும். குறிப்பேட்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இங்கே பாவத்தை நீக்குகிற செயலைச் செய்கிறவர் யார்?

லேவியராகமம் 16-இல், ஏழாம் மாதம் பத்தாம் தேதியில், பிரதான ஆசாரியன் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டு ஜனத்துக்காகப் பாவநிவிர்த்தி செய்கிறான். செய்கிறவன் ஆசாரியன், ஏற்றுக்கொள்கிறவர் தேவன். 65:3-இல், அக்கிரமங்கள் தன்னைவிட மிஞ்சிப்போயின என்று சொன்ன அதே மூச்சில், "தேவரீரோ எங்கள் மீறுதல்களை நிவிர்த்தியாக்குகிறீர்" என்று சங்கீதக்காரன் சொல்லுகிறான். 78:38-இல் வனாந்தரத்தில் திரும்பத்திரும்பக் கலகஞ்செய்தவர்களின் அக்கிரமத்தை, அவர்களை அழிக்காமல், இரக்கத்தினால் மன்னித்தவர் தேவனே. 79:9-இல், எருசலேம் பாழாக்கப்பட்டு ஆலயம் தீட்டுப்படுத்தப்பட்ட நிலையில், அவருடைய நாமத்தினிமித்தம் பாவங்களை நிவிர்த்தியாக்கும்படி ஜனங்கள் கேட்கிறார்கள். தாங்கள் கொண்டுவரக்கூடியதாக அவர்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

49-ஆம் சங்கீதம் இதை இன்னொரு வழியாகச் சொல்லுகிறது. எவ்வளவு செல்வமுள்ளவனாலும் தன் சகோதரனுக்காக மீட்கும்பொருளைத் தேவனுக்குக் கொடுக்க முடியாது. ஆத்தும மீட்பு அவ்வளவு அருமையானது. ஆனால் 15-ஆம் வசனம் "ஆனாலும்" என்று திரும்புகிறது: தேவன் என் ஆத்துமாவைப் பாதாளத்தின் வல்லமைக்குத் தப்புவித்து மீட்பார். மனிதனால் செலுத்த முடியாத விலையைத் தேவன் எப்படிச் செலுத்துவார் என்பதை அந்தச் சங்கீதம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைத் திறந்தபடியே குறிப்பேட்டில் விட்டுவையுங்கள்.

130-ஐ வாசிக்கும்போது 3, 4 வசனங்களின் வரிசையைக் கவனியுங்கள். அவர் அக்கிரமங்களைக் கவனித்திருந்தால் யார் நிலைநிற்பான் என்ற கேள்விக்குப் பின், "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு" என்று வருகிறது. மன்னிப்பு பயத்தை ஒழிக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். தண்டனைக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் பயத்தை அது ஒழிக்கத்தான் செய்கிறது. அதற்குப் பதிலாக, இவ்வளவு விலையேறப்பெற்றதை இலவசமாய்ப் பெற்றவனுக்கு வரும் பயபக்தியைப் பிறப்பிக்கிறது. 32, 51, 130, 143 ஆகிய நான்கையும் பவுலின் சங்கீதங்கள் என்று மார்ட்டின் லூதர் சொன்னதற்குக் காரணம், கிருபையினால் நீதிமானாக்கப்படுதல் என்ற பவுலின் போதனை அங்கே ஏற்கெனவே ஜெபமாக ஒலிப்பதே.

கிறிஸ்துவை நோக்கி வாசித்தல்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒவ்வொரு சங்கீதத்திலும் முதல் வசனத்திலேயே இயேசுவைக் கண்டுபிடித்துவிட்டு மேலே போகிற அவசரம், சங்கீதத்தையும் கேட்கவிடாது, கிறிஸ்துவையும் சரியாகக் காட்டாது. முதலில் சங்கீதத்தை அதன் சொந்தக் குரலில் கடைசி வசனம்வரை கேளுங்கள். அதன்பிறகு, புதிய ஏற்பாடு தானே எடுத்துக்காட்டுகிற இடங்களின் வழியாகச் செல்லுங்கள்.

மிகச் சிறந்த வழி ரோமர் 3-ஆம் அதிகாரம். அதைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் வசனத்தில் பவுல் 51-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டுகிறார். 10 முதல் 18 வரை, பெரும்பகுதி 14, 5, 140, 10, 36 ஆகிய சங்கீதங்களின் வாக்கியங்களைக் கோத்து, ஏசாயாவின் வார்த்தைகளையும் சேர்த்து, நீதிமான் ஒருவனாகிலும் இல்லை என்று நிறுவுகிறார். இந்தச் சங்கீதங்களில் பல முதலில் துன்மார்க்கனாகிய எதிரியைப் பற்றிப் பேசியவை. பவுல் அந்த விரலை நம் எல்லோர் பக்கமும் திருப்புகிறார். 20-ஆம் வசனத்தில் 143:2-இன் எதிரொலி கேட்கிறது. அதன்பின் 25, 26 வசனங்களில், தேவன் கிறிஸ்துவைக் கிருபாதாரபலியாக, அதாவது பாவத்தை நிவிர்த்தியாக்கும் பலியாக, ஏற்படுத்தினார் என்றும், அதினால் தாம் நீதியுள்ளவராகவும் இயேசுவை விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவராகவும் விளங்குகிறார் என்றும் வருகிறது. 49-ஆம் சங்கீதம் திறந்துவிட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. அநேகரை மீட்கும்பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்ததாக மாற்கு 10:45-இல் இயேசு சொன்னதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி பாத்திரம். 75:8-இல், கலங்கிப் பொங்குகிற மதுவால் நிறைந்த பாத்திரம் கர்த்தருடைய கையில் இருக்கிறது. பூமியின் துன்மார்க்கர் அதன் வண்டல்வரை உறிஞ்சிக் குடிப்பார்கள். 116:13-இல், "இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு" என்று வேறொரு பாத்திரம் வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, இயேசு பிடிக்கப்படுமுன் ஜெபித்த இடமாகிய கெத்செமனேயை வையுங்கள். பஸ்கா இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூத வழக்கம். சீஷர்களும் இயேசுவும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடியபின் ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மாற்கு 14:26 சொல்லுகிறது. சில வசனங்களுக்குப் பிறகு, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும், ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல என்று அவர் ஜெபிக்கிறார். துன்மார்க்கருக்கென்று நிறைக்கப்பட்டதை நீதிமான் குடிக்கிறார். நமக்கு 116-இன் பாத்திரம் நீட்டப்படுகிறது. 75, மாற்கு 14:22–42, 116 என்ற இந்த வரிசையில் ஒரே அமர்வில் வாசியுங்கள். விளக்கம் எதுவும் சேர்க்கவேண்டாம்.

வழக்குமன்றத்தின் கேள்வியையும் இங்கே திரும்பக் கேட்கலாம். 26-ஆம் சங்கீதத்தின் "நான் என் உத்தமத்திலே நடக்கிறேன்" என்ற வார்த்தையைக் குறைவின்றிச் சொல்லத்தக்கவர் கிறிஸ்து ஒருவரே. அவர் நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார் என்று 1 பேதுரு 2:23 கூறுகிறது. அடுத்த வசனமே, அவர் நம்முடைய பாவங்களைத் தமது சரீரத்திலே சுமந்தார் என்கிறது. நியாயம் கேட்கிறவருடைய இடத்திலும் குற்றஞ்சாட்டப்பட்டவருடைய இடத்திலும் அவர் நிற்கிறார். இதைச் சொல்லும்போது, பிதா கோபமானவர், குமாரன் இளகிய மனமுள்ளவர், குமாரன் பிதாவைச் சமாதானப்படுத்தினார் என்ற சித்திரத்துக்கு இடங்கொடுக்கக்கூடாது. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றே 2 கொரிந்தியர் 5:19 சொல்லுகிறது. நிவிர்த்தியாக்குகிறவர் தேவனே என்று 65-ஆம் சங்கீதத்தில் கற்றவர்கள் இந்தத் தவறில் விழமாட்டார்கள்.

சபைப் பாரம்பரியங்கள் பாவநிவிர்த்தியை விளக்கும் விதம் வேறுபடுகிறது. சங்கீதங்கள் கழுவுதல், மூடுதல், மீட்டல், விலக்குதல், குணமாக்குதல் என்று பல வார்த்தைகளைப் பேசுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்குள் திணிக்காமல், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பேசவிடுங்கள்.

சாபச் சங்கீதங்கள்

எதிரிகள்மேல் தண்டனை வரும்படி கேட்கிற 58, 69, 109, 137 ஆகியவற்றை விட்டுவிட்டுப் போகவேண்டாம். அதேசமயம் முதல் வாரத்திலேயே எடுக்கவும் வேண்டாம். இவற்றை வாசிக்கும்போது இரண்டு காரியங்கள் உதவும். ஒன்று, பழிவாங்கும் ஆசையைச் சொல்லுகிறவன் அதைத் தன் கையில் எடுக்காமல் தேவன் கையில் கொடுத்துவிடுகிறான் என்பது; ரோமர் 12:19 கட்டளையிடுவதும் அதுவே. மற்றது, 69-ஆம் சங்கீதத்தின் காடியை, சபிப்பதற்கு எல்லா நியாயமும் உள்ளவராய்ச் சிலுவையில் பெற்றவர், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்றார் என்பது. இந்த வசனங்கள் உங்கள் வாயில் சுலபமாக வந்துவிடுகின்றன என்று கண்டால், 139-க்குத் திரும்புங்கள். அங்கே 19 முதல் 22 வரை எதிரிகளைப் பற்றிய கடும் வார்த்தைகள் வந்த கையோடு, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று விண்ணப்பம் தன்பக்கம் திரும்பிவிடுகிறது.

அறிக்கையிடும்போது

பழைய சபை 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய ஏழையும் மனந்திரும்புதலின் சங்கீதங்கள் என்று தொகுத்தது. அகுஸ்தீன் 430-இல் ஹிப்போ நகரில் மரணப்படுக்கையில் இருந்தபோது, மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச்செய்து, அவற்றைப் படித்துக் கண்ணீர்விட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பொசிதியுஸ் குறிப்பிடுகிறார். பல ஆண்டுகள் கிருபையைப் பிரசங்கித்த ஒரு பேராயர் கடைசி நாட்களில் இவற்றைத்தான் தேடினார்.

அறிக்கையிட 32-ஆம் சங்கீதத்தின் வரிசையைப் பின்பற்றுங்கள். முதல் இரண்டு வசனங்கள் மன்னிக்கப்பட்டவனின் பாக்கியத்தைச் சொல்லுகின்றன. அதை முதலில் வாசித்து, எங்கே போகிறோம் என்று அறிந்துகொள்ளுங்கள். 3, 4 வசனங்களில் அடக்கிவைத்த பாவம் எலும்புகளை உலரச்செய்கிறது; இங்கே சற்று மவுனமாயிருந்து, நீங்கள் எதை அடக்கிவைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 5-ஆம் வசனத்தில் அதைப் பெயர்சொல்லி அறிக்கையிடுங்கள். "என் குறைகளையெல்லாம் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நான் இன்னாரைப் பற்றி இன்ன பொய்யைச் சொன்னேன்" என்று சொல்வது கடினம். அந்தக் கடினத்துக்காகவே அப்படிச் சொல்லுங்கள்.

51:4-இன் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்ற வார்த்தையைக் காட்டி, தீங்கு செய்யப்பட்ட மனிதரிடம் போவதைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அது வசனத்தைத் தவறாகக் கையாளுவதாகும். 14-ஆம் வசனத்தில் அதே தாவீது இரத்தப்பழிக்குத் தன்னை நீங்கலாக்கும்படி கதறுகிறார். உரியாவை அவர் மறக்கவில்லை. எண்ணாகமம் 5:7, அறிக்கையிட்டதோடு முதலைத் திருப்பிக்கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்கச் சொல்லுகிறது. மேலும், மன்னிப்பு பெற்றபின்னும் சில விளைவுகள் தொடரலாம். கர்த்தர் தாவீதின் பாவத்தை நீங்கச்செய்தார் என்று சொன்ன நாத்தானே, பட்டயம் அவர் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னார். 99:8 தேவனை மன்னிக்கிறவராகவும் கிரியைகளுக்கு நீதியைச் சரிக்கட்டுகிறவராகவும் ஒரே வசனத்தில் காட்டுகிறது. விளைவுகள் தொடர்வதால் மன்னிப்பு கிடைக்கவில்லை என்று முடிவுசெய்யவேண்டாம்.

மற்றவர்களோடு வாசிக்கும்போது

குழுவில் இந்தச் சங்கீதங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. ஒருவரால் கொடுமைப்படுத்தப்பட்டு வந்திருப்பவரிடம் முதல் நாளிலேயே 51-ஐக் கொடுத்து, "நம் எல்லோரிடமும் பாவம் உண்டு" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் நியாயம் கேட்கும் இடத்தில் நிற்கிறார். 10-ஐயும் 94-ஐயும் அவருக்காக, அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அதேபோல், தீங்கு செய்தவர் எதிரிகளைப் பற்றிய சங்கீதங்களை எடுத்துத் தன்னைத் துன்பப்படுகிறவராகக் காட்டிக்கொள்ளத் தொடங்கினால், அன்போடும் உறுதியோடும் அவரை 50-க்கு அழைத்துவாருங்கள். எந்த ஆறுதலும் உள்ளே செல்லாத அளவுக்குக் குற்றவுணர்வில் ஆழ்ந்திருப்பவருக்கு, 103:8–14-ஐ நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவரை வாசிக்கச் சொல்லவேண்டாம். 

பெரும்பாலானவர்கள் இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் நிற்பதால், எதைக் கொடுப்பது என்று தெரியாதபோது 41-ஆம் சங்கீதம் பொருத்தமானது. அதன் 4-ஆம் வசனம், "உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன், என் ஆத்துமாவைக் குணமாக்கும்" என்று அறிக்கையிடுகிறது. 9-ஆம் வசனம், தன் அப்பம் புசித்த பிராணசிநேகிதனே தன்மேல் குதிகாலைத் தூக்கினான் என்று முறையிடுகிறது. அந்த 9-ஆம் வசனத்தை இயேசு கடைசி இராப்போஜனத்தில் தம்மைக் குறித்துச் சொன்னார் என்று யோவான் 13:18 காட்டுகிறது. சங்கீதத்தை இருவராக மாறிமாறி வாசித்து, அந்த யோவான் பகுதியையும் வாசித்தபின், அவரவருக்கு எந்த வசனம் தன் சொந்த ஜெபமாக வருகிறதோ அதைச் சொல்லவிட்டு, மற்றவர் "ஆமென்" சொன்னால் போதும்.